இனிப்பு கொடுக்காதீர்கள்

வாசம்தான் முதலில் வந்தது. போன வாரம் கோல சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் என் எண்ணைக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் சட்டைப் பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தார், ஊசியைத் திருகினார், நுனியிலிருந்து ஒரு சொட்டைக் காற்றில் விட்டார். ஒரு சொட்டுதான். புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரைப் புதிதாகப் பிரிக்கும்போது வரும் வாசம். அதற்கு அடியில் கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரை. இன்னும் அடியில், புது அழிரப்பரை மூக்கில் வைத்து முகர்ந்த பள்ளிக்கூடம். என் எண் வந்தது. எழுந்தேன். கவுண்டருக்குப் போகாமல் நேரே வெளியே நடந்து, கார்கள் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றேன். என் கால்கள் அப்படி. எதையாவது மனசு தொட்டுவிட்டால் என்னைக் கேட்காமல் கிளம்பிவிடும்.

அந்த வாசத்தோடு எப்போதும் ஒரு பெண்பிள்ளை வருவாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. எனக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்தது.

ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்குள்ளே ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. அங்கே ஆசிரியையாக இருந்தேன். கோல சிலாங்கூரிலிருந்து தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டம். மாற்றல் கேட்டு எழுது, எழுது என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எழுதவில்லை. அந்த ஓட்டம் எனக்கு வேண்டியிருந்தது. செம்பனை வரிசைகள் காரின் இருபுறமும் திறந்து மூடும், திறந்து மூடும், எந்த வரிசையின் கடைசியையும் பார்க்க விடாது, அதற்குள் அடுத்தது. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் காலை வெளிச்சம் தகரம் போல் கிடக்கும். பள்ளி வந்து இறங்கினால் உடனே உட்கார முடியாது. வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும், கழிப்பறையிலிருந்து சிற்றுண்டி விற்கும் கண்டின் வரைக்கும் ஒரு நடை. “டீச்சருக்குக் காலுல சக்கரம்” என்பாள் கண்டின் அக்கா.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, நான்காம் ஆண்டுப் பெண் ஒருத்தி ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கூடவே அவள் அம்மா, தோளில் நீல நிறக் குளிர்ப்பை. அம்மா புக்கிட் பெருந்துங்கில் ஒரு கிலாங்கில் வேலை பார்த்தாள். தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். அப்பா என்று ஒருவர் கிடையாது. எங்கே என்று தோட்டத்தில் யாரும் கேட்பதுமில்லை. தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்.

தலைமையாசிரியர் அறையில் ஆறு ஆசிரியர்களும் நின்றோம். அந்த அம்மா குளிர்ப்பையை மேசைமேல் திறந்து வைத்தாள். இன்சுலின் பேனா. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷின். ஊசிகள் போட்ட டப்பா.

“எளச்சு எளச்சுப் போனா டீச்சர். ராத்திரியெல்லாம் தண்ணி, தண்ணி. வயித்துல பூச்சின்னு நெனச்சு பூச்சி மருந்து குடுத்தேன். அப்புறம் ஒருநாள் எழுப்பினா எந்திரிக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, இனிப்பு நீருங்கிறாங்க. பத்து வயசுப் புள்ளைக்கு! நான் அந்த நர்ஸோட சண்டை போட்டேன், வேற யாரோட ரத்தத்தையோ பாத்துட்டு சொல்றீங்கன்னு.”

அவள் தொடர்ந்தாள். காலையில் வீட்டிலேயே ஒரு ஊசி. பத்து மணி ஓய்வு நேரத்தில் இங்கே ஒன்று. மகளே போட்டுக்கொள்வாள். யாராவது பக்கத்தில் நின்று எத்தனை யூனிட் என்று பார்த்தால் போதும்.

“சர்க்கர ஏறுனா மெதுவா ஏறும். எறங்குனா படக்குன்னு எறங்கிரும் டீச்சர். எறங்குறதுதான் பயம்.”

இதை அவள் சொன்னாள். நான் தலையாட்டினேன். காது கேட்டது. ஆனால் உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை என்று பிறகு எத்தனையோ முறை அந்தச் சாலையில் ஓட்டியபடி கேட்டுக்கொண்டேன். எங்கள் வீடுகளில் இனிப்பு நீர் எனும் சர்க்கரை வியாதி என்றால் பறிப்பது என்று அர்த்தம். என் அப்பாவின் தேநீரிலிருந்து சீனியைப் பறித்தோம். மாமாவுக்குக் கால் கட்டைவிரலை எடுத்த பிறகு, அவர் தட்டிலிருந்து தீபாவளிப் பலகாரத்தைப் பறித்தோம். சீனி டப்பாவை அரிசித் தவலைக்குள் ஒளித்து வைத்த அம்மாவின் மகள் நான். அந்த நோய்க்கு இனிப்பே மருந்தாகும் ஒரு நேரமும் உண்டு என்பது எங்கள் வீட்டுச் சுவர்களுக்குத் தெரியாது.

“யார் பாத்துக்குறீங்க?” என்றார் தலைமையாசிரியர்.

ஒருவர் சன்னலைப் பார்த்தார். ஒருவருக்குக் கைப்பேசியில் ஏதோ வந்தது. ஊசி என்றாலே எனக்கும் ஆகாது. ஆனால் அந்த மௌனத்தில் என்னால் நிற்க முடியவில்லை. கையைத் தூக்கிவிட்டேன். அன்பு என்று பிறர் எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

தூக்கிய கை சும்மா இருக்குமா? அன்று மாலையே ஓர் அறிவிப்பு தயாரித்தேன். அவளுடைய பதிவுப் படத்தைப் பெரிதாக்கி, அதன் கீழே சிவப்பு எழுத்தில் ‘இவருக்கு இனிப்பு கொடுக்காதீர்கள்’ என்று போட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, கண்டினில் ஒன்று, வகுப்பில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. மறுநாள் காலைச் சபைகூடலில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டேன்.

“மிட்டாய், கேக்கு, சிரப் தண்ணி, எதுவும் யாரும் அவளுக்குக் குடுக்கக் கூடாது. சரியா?”

“சரி டீச்சர்!” என்று பள்ளியே கத்தியது. செம்பனை மரங்களிலிருந்து காக்கைகள் எழுந்து பறந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. வரிசையில் மூன்றாவதாக நின்ற அவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அதை இவ்வளவு கறாராகச் செய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிறந்தநாள் மிட்டாய் வந்தால் நாலு பேர் அவள் மேசைமேல் கை விரித்து மறைத்தார்கள். “டீச்சர், அவ கேக்குத் துண்ட மோந்து பாக்குறா!” என்று புகார் வந்தது. வகுப்புத் தலைவி, அதட்டலான சின்னப் பெண், ஒருநாள் உள்ளங்கையில் நாலு புளிப்பு மிட்டாய்களோடு வந்து நின்றாள்.

“பாவாடப் பாக்கெட்டுல ஒளிச்சு வச்சிருந்தா டீச்சர்.”

அவளைக் கூப்பிட்டேன். “இது என்னம்மா?”

“அம்மா குடுத்தாங்க டீச்சர்.”

“அம்மாவா? அம்மா இதக் குடுப்பாங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லலாமா என்று யோசிப்பது போல் ஒரு பார்வை. பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டாள். பெரியவர்கள் பொய் என்று முடிவு செய்துவிட்டால் பிள்ளைகள் மெய்யைச் செலவழிக்க மாட்டார்கள். நாலு மிட்டாய்களையும் என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அம்மாவுக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். என் கைப்பேசி அந்த மேசைமேல்தான் இருந்தது.

ஓய்வு நேர ஊசி மட்டும் ஒழுங்காக நடந்தது. பாடநூல் அறையில், அடுக்கி வைத்த கணிதப் புத்தகங்களுக்கு நடுவே, அவள் சட்டையை ஓரமாகத் தூக்கி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடிப்பாள். எத்தனை யூனிட் என்று எனக்குக் காட்டுவாள். நான் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வேன். அறை முழுக்க அந்த வாசம்.

“ஆச்சு டீச்சர். கண்ணத் தொறங்க.”

“வலிக்குதா?”

“நீங்க மூச்ச பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்கல்ல, அப்பதான் வலிக்குது.”

மிட்டாய்களைப் பூட்டி வைத்த அதே வாரம் ஒரு நாள், தோட்டத்தைச் சுற்றி ஓடும் குறுக்கோட்டப் பயிற்சி. ஓய்வு முடிந்ததும் ஓட்டம். அவளுக்கு ஓடப் பிடிக்கும். மற்ற எதையும் விட. ஊசி போட்டுக்கொண்டாள், பெயர் கொடுக்கும் அவசரத்தில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தில் பாதியைச் சாப்பிட்டு மீதியை மடித்து வைத்துவிட்டு ஓடினாள். நான் பார்த்தேன். பாதிதான் சாப்பிட்டாள் என்பதைப் பார்த்தேன். நல்லது, குறைவாகச் சாப்பிடுகிறாள் என்றும் நினைத்தேன்.

பிறகு நடந்ததைப் பிள்ளைகள் துண்டு துண்டாகச் சொன்னார்கள். செம்பனை வரிசைகளுக்கிடையே இரண்டாவது சுற்றில் அவள் தோழியோடு காரணமில்லாமல் சண்டை போட்டாள். தள்ளிவிட்டாள். முகமெல்லாம் வியர்வை, கை ஆடியது. பாவாடைப் பாக்கெட்டில் கையை விட்டுத் துழாவினாள். பாக்கெட் காலி. ஓட்டத்தை விட்டுவிட்டுக் கண்டினுக்கு வந்தாள். மேடைமேல் ரோஜா நிறத்தில் சிரப் தண்ணீர் ஜாடி இருந்தது. அவள் அதை நோக்கிக் கை நீட்டினாள். கண்டின் அக்கா ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கூடாது தங்கம். ஒனக்கு ஆவாது. அக்கா பச்சத் தண்ணி தர்றேன், குடி.”

“அது வேணும்.”

“டீச்சர் ஒட்டியிருக்காங்க பாரு. ஓம் படந்தான். அக்கா சொன்னா கேக்கணும்.”

வகுப்புத் தலைவி மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தாள். “டீச்சர், அவ சிரப் திருடப் பாத்தா! இப்ப விழுந்துட்டா!”

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சிமெண்டுக் கால்வாயின் ஓரத்தில் சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. நான் மெஷினை எடுத்து அவள் விரலில் குத்தினேன். வாழ்க்கையில் முதல் முறை. இரண்டு புள்ளி நாலு; நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. படக்குன்னு எறங்கிரும் டீச்சர். அந்த அம்மாவின் குரல் ஐந்து வாரம் கழித்து இப்போதுதான் என் தலைக்குள் நுழைந்தது.

“சிரப் குடுங்கக்கா!”

கண்டின் அக்கா பச்சைத் தண்ணீர்க் குவளையோடு நின்றாள். “டீச்சர், நீங்கதானே...”

“குடுங்க!”

தலையைத் தூக்கிப் பிடித்தேன். முதல் வாய் கழுத்து வழியாக ஓடிச் சட்டையை நனைத்தது. இரண்டாவதை விழுங்கினாள். மூன்றாவதை அவளே இழுத்துக் குடித்தாள். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் போல ஓரிடத்தில் நான் என்றுமே உட்கார்ந்ததில்லை. மறுபடி குத்தினோம். நாலு புள்ளி ஒன்று. அவள் சுற்றிலும் பார்த்து, “நான் எத்தனாவதா வந்தேன்?” என்று கேட்டாள்.

அம்மா மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது கிலாங் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமலிருக்க அங்கே மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். அது அவிழ்க்கப்படாமல் அறுந்த வாலோடு தொங்கியது. மகளின் கண் இமையை விரித்துப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். பிறகு பாவாடைப் பாக்கெட்டைத் தடவினாள்.

“இதுல முட்டாய் வச்சிருந்தேனே. நாலு வச்சேனே. எங்க?”

மகள் என்னைப் பார்த்தாள். வகுப்புத் தலைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சொல்லியிருக்க வேண்டிய நொடி அது. போய்விட்டது. அதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். அவருடைய முகமும் வெளுத்திருந்தது.

“இங்க பாருங்கம்மா. எனக்கு இது முடியாது. ஒன்னு, நீங்க பள்ளி முடியிற வரைக்கும் இங்கயே இருங்க. இல்லன்னா புள்ள வீட்டுல இருக்கட்டும். பாடத்த அனுப்புறோம்.”

“நான் இங்க உக்காந்தா வேலை சார்?”

“புரியுதும்மா.”

“புரிஞ்சா எப்படி சார் சொல்றீங்க? இது மூணாவது தடவ வேலை லைன விட்டு ஓடி வர்றேன். இன்னொரு தடவன்னா வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. அந்த வேலை போனா எங்களுக்கு என்னா இருக்கு? இவள வீட்டுல வச்சா மட்டும்? கதவப் பூட்டிட்டா போவேன்?”

ஆக, கணக்கு இப்படி நின்றது. அம்மா வேலையை விட வேண்டும், இல்லை மகள் பள்ளியை விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே என் மேசை இழுப்பறை.

அவர்கள் போன பிறகு தலைமையாசிரியர் தாளை எடுத்தார். “கண்டின்காரம்மா மேல எழுதிடுவோம் டீச்சர். புள்ள மயக்கம் போடுற வரைக்கும் வேடிக்க பாத்திருக்காங்க.” நான் ம் என்றேன். அந்த ஓரெழுத்தைச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தில் திரும்பவில்லை. பத்தாங் காலி வரைக்கும் போனேன். ஒரு கடையோரம் நிறுத்தி, இறங்காமல் மறுபடி எடுத்தேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஆடிக்கொண்டே போனது. முந்தவும் வழியில்லை, பின்னால் ஊரவும் பொறுமையில்லை. இழுப்பறைச் சாவி கைப்பையில் இருந்தது. கைப்பை பக்கத்து இருக்கையில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்து வந்தது. எவ்வளவு ஓட்டினாலும் அந்த ம் கூடவே வந்தது.

மறுநாள் விடிந்ததும் கண்டினுக்குத்தான் போனேன். அக்கா தேங்காய் திருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எங்கப்பாவுக்கு முட்டிக்குக் கீழ எடுத்தாங்க டீச்சர். கடேசி நாள் வரைக்கும் ஒரு கரண்டி சீனிக்குக் கெஞ்சுனாரு. நான் குடுக்கல. அவரு நல்லா இருக்கணும்னு குடுக்கல. நேத்து அந்தப் புள்ள கேட்டப்பவும் அதே மாதிரிதான்.” திருகுவதை நிறுத்தினாள். “நீங்க படிச்சவங்க. எழுதி ஒட்டுனீங்க. நான் அத நம்புனேன். இப்ப எம் மேல எழுதுறாங்களாமே?”

“எழுத மாட்டாங்கக்கா.”

“எப்புடித் தெரியும்?”

“நான் இப்பப் போய் சொல்லப்போறேன்.”

“போங்க அப்ப. ஏன் இங்க நின்னு தேங்காய பாக்குறீங்க?”

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அறிவிப்பு, மிட்டாய், பூட்டு, தரையைப் பார்த்தது, ம் சொன்னது. எல்லாம். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இனி என்ன, உங்க மேல எழுதவா?”

“எழுதுங்க சார்.”

அவர் எழுதவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “முந்தின பள்ளியில ஒரு புள்ளைக்கு இழுப்பு. காரு கொண்டு வர்றதுக்குள்ள... என் கையிலதான் டீச்சர். நீங்கல்லாம் என்னைய கல்லுன்னு நெனைக்கிறீங்க. அந்த அம்மா இங்க இருந்தா எனக்குத் தூக்கம் வரும். அவ்வளவுதான் லா.”

அம்மா வந்துவிட்டிருந்தாள். சம்பளமில்லாமல் இரண்டு வாரம் விடுப்பு வாங்கியிருந்தாள். அதற்கு மேல் என்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். திடலோரம் நின்ற ஆங்சானா மரத்தடியில், பள்ளிக்கூட நாற்காலி ஒன்றில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல. நாலு மிட்டாய்களையும் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். கையை விரித்துக் காட்டினேன். சொன்னேன்.

அவள் மிட்டாய்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நின்றேன்.

“ஒரு போன் அடிச்சிருக்கலாமே டீச்சர்” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஓய்வு நேரத்தில், பாடநூல் அறையில், மகள்தான் பேசினாள். ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, “டீச்சர், என் படத்த எடுத்துடுங்க” என்றாள். “போலீஸ் ஸ்டேசன்ல ஒட்டுவாங்கல்ல, அந்த மாதிரி இருக்கு. நான் என்ன திருடியா?”

மூன்றையும் அன்றே கிழித்தேன். பிளாஸ்டிக் உறை லேசில் கிழியவில்லை. கத்தரி தேட வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் என்பது பத்துப் பள்ளி நாள். அதற்குள் இந்தப் பள்ளி அவளைப் பார்த்துக்கொள்ளக் கற்க வேண்டும், இல்லை அந்த வேலை போய்விடும். மூன்றாம் நாள் அம்மாவை வகுப்புக்குள் அழைத்தேன். வரமாட்டேன் என்றாள். நான் படிக்காதவ, புள்ளைங்க சிரிப்பாங்க என்றாள். இழுத்துக்கொண்டு போனேன். முதலில் பிள்ளைகளிடம் கேட்டேன், இவளுக்கு மறுபடி அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று. பச்சைத் தண்ணீர் என்றது ஒன்று. திருநீறு என்றது ஒன்று. ஓடிப்போய்ப் புகார் சொல்வோம் என்றாள் வகுப்புத் தலைவி. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த பிறகு பேச்சும் வந்தது.

“இவ கை ஆடுதான்னு பாருங்க. வேர்க்குதான்னு பாருங்க. காரணமில்லாம எரிஞ்சு விழுறாளா? அப்ப எறங்குதுன்னு அர்த்தம். ஒடனே இனிப்பு. கேக்காதீங்க, யோசிக்காதீங்க. குடுத்துட்டு டீச்சர கூப்புடுங்க.”

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கை தூக்கினான். “ஆன்ட்டி, காரணமில்லாம எரிஞ்சு விழுந்தா எறங்குதா?”

“ஆமாய்யா.”

“அப்ப நம்ம டீச்சருக்குத் தெனமும் எறங்குது.”

வகுப்பே மேசையைத் தட்டியது. மகளும் சிரித்தாள், மூன்றாம் வரிசையில், அந்த நோய் வந்த பிறகு முதல் முறையாகப் பல் தெரிய. நான் அதட்டவில்லை. அதட்டினால் சிரப் ஊற்றிவிடுவார்கள்.

கண்டின் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வகுப்புச் சன்னலுக்கு வெளியே, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டிருந்தாள்.

மிச்ச நாட்களில் நான் அந்தப் பிள்ளையைப் பைத்தியமாக்கினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வகுப்புச் சன்னலில் எட்டிப் பார்ப்பேன். கழிப்பறைக்குப் போனால் வெளியே நிற்பேன். “டீச்சர், நீங்க பயப்படுறதப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது” என்றாள். குறைத்துக்கொண்டேன். பதினைந்து நிமிடமாக்கினேன்.

விடுப்பின் கடைசி வெள்ளிக்கிழமை. அம்மாவும் நானும் தலைமையாசிரியர் அறையில். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போயாக வேண்டும். அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டார்.

“புள்ள இங்கயே இருக்கட்டும்னா, யார் பொறுப்பு? எழுத்துல வேணும்.”

“நான் எழுதித் தர்றேன் சார்” என்றேன்.

“நீங்க ஒருத்தர் போதாது. நீங்க லீவு போட்டா?”

வாசலில் வளையல் சத்தம். கண்டின் அக்கா, கையைச் சேலையில் துடைத்தபடி.

“எனக்கும் எழுதத் தெரியும் சார். இந்தப் பள்ளியிலதான் ஆறாவது வரைக்கும் படிச்சேன். குடுங்க அந்தப் பேனாவ.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுதினேன், அக்கா என் பெயருக்குக் கீழே கையெழுத்திட்டாள், எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ஒரு வாரம். பாப்போம். ஏதாச்சும் ஒன்னு ஆச்சு...” என்றார்.

திங்கட்கிழமை காலை நான் எப்போதையும் விடச் சீக்கிரம் வந்துவிட்டேன். வாயிலில் நின்றேன், திடலுக்கு நடந்தேன், திரும்பி வாயிலுக்கே வந்தேன். மோட்டார் வந்தது. மகள் இறங்கிக் குளிர்ப்பையை என்னிடம் தந்தாள். அம்மா கிலாங் சட்டை போட்டிருந்தாள். எஞ்சினை அணைக்கவில்லை. ஆனால் கிளம்பவுமில்லை.

“காலையில ஆறு புள்ளி எட்டு டீச்சர். பசியாறிட்டா.”

“சரிம்மா.”

“பத்து மணிக்கு முழுசா சாப்புடணும். பாதியில எந்திரிச்சா விடாதீங்க.”

“விடமாட்டேன்.”

“ஆண்டவரே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆக்சிலேட்டரை முறுக்கினாள், விட்டாள். மோட்டார் ஓரடி நகர்ந்து நின்றது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கிலாங்கில் வருகை அட்டை பதிய அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அவளைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும் போலவும் இருந்தது, போகாதீர்கள் என்று கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தின் முதல் நிமிடம்கூட இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

மகள் அம்மாவின் தலைக்கவசக் கொக்கியை இழுத்து மாட்டிவிட்டாள்.

“பயமா இருக்கா?” என்றாள் அம்மா.

“எனக்கில்ல. ஒனக்குத்தான்.”

“ஒரு மணிக்கு நேரா பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட போயிரு. நான் நாலரைக்கெல்லாம் ஓடி வந்துருவேன்.”

“ஓடியெல்லாம் வராத. ஓ.டி. வேல குடுத்தாங்கன்னா செஞ்சிட்டே வாம்மா.”